1876ஆம் ஆண்டுப் பெட்டி

2009ஆம் ஆண்டின் முதல் ஆறு மாதமும் எனக்குச் சோறு போட்டது துருக்கிப் பேரரசின் வீழ்ச்சிதான். பகிடிக்குச் சொல்லவில்லை. நடு லண்டனில், உறுப்பினர்கள் மட்டுமே நுழையக்கூடிய ஒரு பழைய தனியார் நூலகம் இருந்தது. அதன் நிலவறையில் விக்டோரியா மகாராணி காலத்து அரசியல் துண்டுநூல்கள் பெட்டி பெட்டியாகக் கிடந்தன. எல்லாவற்றுக்கும் விஷயம் ஒன்றுதான். துருக்கியை ஆளும் உதுமானியப் பேரரசு சரிந்துகொண்டிருக்கிறது, இங்கிலாந்து என்ன செய்ய வேண்டும்? அவற்றைக் கணினியில் பதிய ஒரு தற்காலிக ஆள் தேவைப்பட்டது. யாழ்ப்பாணத்தில் கணிதப் பட்டம் எடுத்து, லண்டனில் நூலக உதவியாளர் படிப்பு முடித்து, ஷிப்ட் ஷிப்டாகப் புத்தகம் அடுக்கிக்கொண்டிருந்த எனக்கு அந்த வேலை கிடைத்தது. பதினாறு வயதில் எழுதிய ஓ.எல். பரீட்சையோடு சரித்திரத்தைக் கைகழுவியவள் நான்.

முப்பது நாற்பது பக்கம், நூலால் தைத்தது, அட்டைகூட இல்லாதது. அதுதான் துண்டுநூல். பாதிரியார், ஓய்வுபெற்ற கர்னல், எம்.பி., இஸ்தான்புல்லில் வியாபாரம் செய்துவிட்டுத் திரும்பியவர், பெயர் போடத் துணிவில்லாமல் ‘ஓர் ஆங்கிலேயன்’ என்று மட்டும் போட்டுக்கொண்டவர் என்று எல்லோருக்கும் துருக்கியைப் பற்றி ஓர் அபிப்பிராயம் இருந்தது. அபிப்பிராயம் இருந்தால் அதை அச்சடிக்காமல் அவர்களுக்கு நித்திரை வராது போலிருக்கிறது. துருக்கியை ‘நோயாளி’ என்றுதான் எழுதுவார்கள். சிலர் வைத்தியரைப்போல எழுதினார்கள், பலர் உயில் வாசிக்க வந்த உறவுக்காரரைப்போல எழுதினார்கள். அந்த வித்தியாசம் எனக்கு அப்போது பிடிபடவில்லை.

என் மேலாளர் ஓர் ஆங்கிலேயப் பெண்மணி. அறுபது வயதிருக்கும். குரலை உயர்த்தியே கேட்டதில்லை. அவர் வைத்த விதி ஒன்றே ஒன்று: ஒரு நேரத்தில் ஒரு பெட்டி, அதுவும் ஆண்டு வரிசைப்படி. ஒன்றை முடித்து, அவரிடம் காட்டி, திருப்பி அடுக்கிய பிறகுதான் அடுத்ததைத் தொடலாம். தலைப்பு, எழுதியவர், அச்சகம், பக்க எண்ணிக்கை, இவ்வளவும் போதும். வாசிப்பதற்கு எனக்குச் சம்பளம் இல்லை. நான் வாசித்தேன். வீட்டிலும் வெளியிலும் வேறு எதையும் யோசிக்க முடியாத மாதங்கள் அவை. கையில் இருந்த காகிதத்தை வாசிப்பதாவது செய்யலாம் என்றிருந்தது.

என் தம்பி அப்போது வன்னியில் இருந்தான். எனக்கு எட்டு வயது இளையவன். மனைவி, ஏழு வயது மகள், மூன்று வயது மகன். போர் துரத்தத் துரத்த வீட்டை விட்டு, ஊரை விட்டு, கடைசியில் முல்லைத்தீவுக் கடலோரம் ஓர் ஒடுங்கிய மணல்துண்டில் பங்கர் வெட்டிக்கொண்டு இருந்தார்கள். எங்கேயோ ஒரு சட்டலைட் தொலைபேசிக்கு வரிசையில் நின்று எப்போதாவது எனக்கு அழைப்பு எடுப்பான். இரண்டு நிமிடம் கிடைக்கும். அதில் ஒரு நிமிடம் “கேக்குதோ, கேக்குதோ” என்பதிலேயே போய்விடும்.

மார்ச் கடைசியில் 1876ஆம் ஆண்டுப் பெட்டிக்கு வந்து சேர்ந்தேன். அது பெரிய பெட்டி. அந்த வருஷம் பல்கேரியாவில் துருக்கிக்கு எதிராக ஒரு கிளர்ச்சி. அதை அடக்கப் போனவர்கள் கிராமம் கிராமமாக எரித்து, பெண்களையும் பிள்ளைகளையும் கொன்றிருந்தார்கள். லண்டன் அரசு முதலில் அதெல்லாம் வாய்க்கதை என்று தட்டிக்கழித்தது. துருக்கி அவர்களுக்கு வேண்டிய நண்பன். ஆனால் செய்தி பத்திரிகைகளில் வந்ததும், அந்த இலையுதிர்காலத்தில், சனம் பொங்கிவிட்டது. ஊர் ஊராகக் கூட்டம், கூட்டம் தோறும் தீர்மானம், தீர்மானம் தோறும் அரசுக்கு மனு. பாதிரிமார் பிரசங்க மேடையில் அழுதார்கள். சுல்தானுக்கு முண்டுகொடுத்த அரசு பதில் சொல்ல வழியில்லாமல் விழித்தது. ஒவ்வொரு துண்டுநூலாக எடுத்து வாசிக்க வாசிக்க எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. மேலாளரிடமும் அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி வியந்தேன். பல்கேரியா என்று இருந்த இடத்திலெல்லாம் வன்னி என்று போட்டு வாசித்தேன். எல்லாம் அப்படியே பொருந்தியது.

பல பிரதிகளில் பக்கங்களின் ஓரம்கூட வெட்டப்படவில்லை. அந்தக் காலத்தில் வாங்கியவர்தான் கத்தியால் கீறிப் பிரித்து வாசிக்க வேண்டும். நூற்றுமுப்பது வருஷமாக ஒருவரும் கீறவில்லை. நான் இரண்டு விரலால் தாளை விரித்து, குழாய்க்குள் பார்ப்பதுபோலக் குனிந்து வாசித்தேன். நூலக உறுப்பினர் ஒருவர்கூட இதைத் திறந்து பார்க்கவில்லையே என்று அப்போது யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. ‘பிரிக்கப்படாதது’ என்று கணினியில் பதிந்துவிட்டு அடுத்ததை எடுத்தேன்.

அந்த நாட்களில் பாராளுமன்றத்துக்கு முன்னால் எங்கள் சனம் இரவு பகலாக உட்கார்ந்திருந்தது. வேலை முடிந்ததும் நான் நேரே அங்கே நடந்துபோவேன். கைக்குழந்தையோடு வந்த தாய்மார், பள்ளிக்கூட உடுப்போடு ஆங்கிலத்தில் கோஷம் போடும் பிள்ளைகள், சுவிஸிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் வந்து லண்டனில் குடியேறிக் கடை வைத்தவர்கள் என்று புல்வெளி நிறைந்திருக்கும். கொடி பிடிப்பதும் கத்துவதும் எனக்குப் பழக்கமில்லை. எனக்குத் தெரிந்தது எழுத்து. ஆகவே ஆங்கிலத்தில் ஒரு துண்டுப்பிரசுரம் எழுதினேன். 1876இல் உங்கள் முப்பாட்டன்மார் முன்பின் அறியாத கிராமங்களுக்காக எழுந்து நின்று தங்கள் அரசையே திருப்பினார்கள், இன்று நீங்களும் அதைச் செய்யலாம் என்பதுதான் சாரம். நன்றாகவே எழுதியிருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட்டில் போட்டோகொப்பிக் கடை வைத்திருந்த அண்ணை ஒருவர் அதை அச்சடித்துத் தந்தார். பாரிஸில் பத்து வருஷம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். வெஸ்ட்மின்ஸ்டர் ஸ்டேஷன் வாசலில் இருவரும் நின்று கொடுத்தோம். கோட்டுப் போட்டவர்கள் மரியாதையாக வாங்கி, வாசித்து, மடித்துப் பையில் வைத்து, தேங்க்ஸ் சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அண்ணையின் முகம் மட்டும் தெளியவில்லை.

“பிள்ளை, பாரிஸில நாங்கள் கத்தினா பொலிஸ் வந்து தள்ளும். இங்க தேங்க்ஸ் சொல்லுறாங்கள். எனக்கு அதுதான் பயமாக் கிடக்கு.”

“நீங்கள் சும்மா இருங்கோ அண்ணை. இவங்கள் வாசிச்சா யோசிப்பாங்கள். யோசிச்சாச் செய்வாங்கள்.”

“உமக்குத் தெரியும்தானே” என்றார். படித்த பிள்ளை சொல்கிறது என்று விட்டுவிட்டார்.

எங்கள் குடும்பத்தில் ஒரு கேள்வி உண்டு. யாழ்ப்பாணத்தில் கிளறிக்கல் என்ற குமாஸ்தா உத்தியோகம் பார்த்த வீடு எதிலும் அது இருக்கும். இடமாற்றம் கிடைத்தது என்றாலும், விசா சரிவந்தது என்றாலும், கலியாணத்துக்குச் சம்மதித்தார்கள் என்றாலும், முதல் கேள்வி “எழுத்தில வந்திட்டுதோ?” என்பதுதான். வாயால் சொன்னது காற்று. தலைப்புப் போட்ட கடதாசியில், கையெழுத்தோடு வந்துவிட்டால் அது முடிந்த காரியம். வெள்ளைக்காரனின் கந்தோர்களில் மூன்று தலைமுறை வேலை பார்த்து நாங்கள் படித்த பாடம் அது. அந்தக் கந்தோர்களிலேயே எத்தனை கடிதங்கள் ஒன்றும் செய்யாமல் இருப்பதற்காக எழுதப்பட்டன என்பதும் அங்கே வேலை பார்த்த எங்கள் பாட்டன்மாருக்குத் தெரிந்திருக்கும். அதை எங்களுக்குச் சொல்லித்தர மறந்துவிட்டார்கள்.

ஏப்ரல் நடுவில் எனக்கு எழுத்தில் வந்தது. நான் கடிதம் எழுதிய எம்.பி.க்களில் ஒருவர் பதில் போட்டிருந்தார். தடித்த தாள், மேலே முத்திரை, கீழே மையால் போட்ட கையெழுத்து. அங்குள்ள மக்களின் நிலை குறித்து அரசு மிகுந்த கவலை கொண்டுள்ளது, சண்டையை நிறுத்தும்படி கேட்டுள்ளது, இயன்ற அனைத்தையும் தொடர்ந்து செய்யும் என்று இருந்தது. நான் அதை ஏழெட்டுத் தடவை வாசித்தேன். 1876இன் இலையுதிர்காலம் மறுபடி வருகிறது என்றே நினைத்தேன்.

மனோர் பார்க் வீட்டில் கணவர் வெயர்ஹவுஸ் ஷிப்ட் முடித்து வந்து சாப்பிட உட்கார்ந்தபோது கடிதத்தை அவருக்கு முன்னால் வைத்தேன். அவர் அதை எடுக்கவில்லை.

“தம்பிக்கு என்ன சொல்லப் போறீர்?”

“எப்பிடியும் எடுப்பான். இருக்கச் சொல்லப் போறன்.”

“வேண்டாம். சனம் ஆமிப் பக்கம் கடக்கேக்கை அதோட சேர்ந்து கடக்கச் சொல்லும்.”

“கடக்கேக்கை சுடுபட்டா? சின்னப் பிள்ளையளோட? இன்னும் ஒரு கிழமையில நிப்பாட்டப் போறாங்கள். இதை வாசியுங்கோவன்.”

வாசித்தார். “இதில நிப்பாட்டுவம் எண்டு எங்க கிடக்கு?”

“ஏலுமான எல்லாம் செய்வினமாம். அதுக்கு வேற என்ன அர்த்தம்?”

“எங்கட கூரை ஒழுகுது எண்டு எழுதினதுக்கும் கவுன்சில் இதைத்தானப்பா எழுதினது.”

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. “உங்களுக்கு இவங்களைத் தெரியாது. நான் நாள் முழுக்க இவங்கட எழுத்தைத்தான் வாசிக்கிறனான்” என்று கத்தினேன். அவர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். படித்த மனைவியோடு வாதாடி வென்று அவருக்குப் பழக்கமில்லை.

மறுநாள் மத்தியானம் நூலகத்தில் சாப்பாட்டு நேரம். தம்பி எடுத்தான். பின்படிக்கட்டுக்கு ஓடினேன்.

“அக்கா, கெதியாச் சொல்லுங்கோ, பின்னால சனம் நிக்குது. பக்கத்து பங்கர்ச் சனமெல்லாம் இண்டைக்கு வெளிக்கிடுதுகள். நாங்களும் போறதோ, இருக்கிறதோ?”

“நீ என்ன நினைக்கிறாய்?”

“போனாலும் பயம், இருந்தாலும் பயம். எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. அதுதான் உங்களைக் கேக்கிறன்.”

“தம்பி, ஒரு கிழமை பொறு. அசையாத. இங்க எழுத்தில வந்திட்டுது. நிப்பாட்டப் போறாங்கள்.”

“உண்மையாவோ?”

“நான் உனக்குப் பொய் சொல்லுவனோ?”

“சரி அக்கா. நீங்கள் சொன்னாச் சரி.”

பின்னால் ஒரு குழந்தை எதற்கோ சிணுங்கியது கேட்டது. மகளா மகனா என்று தெரியவில்லை. கேட்பதற்குள் தொடர்பு அறுந்துவிட்டது. நான் கீழே இறங்கிப் போய் அன்று பின்னேரம் மளமளவென்று வேலை செய்தேன். மனதில் அவ்வளவு நிம்மதி.

அதன் பிறகு தம்பி எடுக்கவில்லை. ஏப்ரல் முடிவதற்குள் ஆயிரக்கணக்கில் சனம் கடந்துவிட்டதாகச் செய்தி வந்தது. அதில் அவன் இருக்கிறானா என்று சொல்ல ஆளில்லை. தொலைக்காட்சியில் ஓடும் ஒவ்வொரு படத்திலும் முகம் தேடினேன். எம்.பி.க்கு இன்னும் மூன்று கடிதம் எழுதினேன். ஒன்றுக்குப் பதில் வந்தது. முதல் கடிதத்தின் அதே வாசகங்கள், தேதி மட்டும் வேறு. அப்போதும் நான் அதைப் பத்திரமாக ஃபைலில் வைத்தேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

இடையில் 1877ஆம் ஆண்டுப் பெட்டி வந்தது. ரஷ்யா துருக்கி மேல் படையெடுத்ததும் இங்கிலாந்தின் பேச்சே மாறிவிட்டது. முந்தின வருஷம் பல்கேரியருக்காக அழுதவர்களில் பலர் இப்போது ரஷ்யனைக் கண்டு அலறினார்கள். கொஞ்சம் உறுத்தியது. அடுத்த பெட்டியில் எல்லாம் சரியாகிவிடும் என்று பதிந்துகொண்டே போனேன். மேல்மாடியில் கலைக்களஞ்சியங்கள் வரிசையாக இருந்தன. ஒரு தொகுதியை இழுத்துப் பிரித்திருந்தால் ஐந்து நிமிடத்தில் முழுக்கதையும் தெரிந்திருக்கும். நான் செய்யவில்லை. ஆண்டு வரிசைப்படி என்று சொன்னார்களே, அந்த விதியை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தேன். சொன்னதைச் சொன்னபடி செய்கிற நல்ல பிள்ளை.

மே மாதம் மூன்றாம் கிழமை போர் முடிந்தது என்ற செய்தி வந்தது. எப்படி முடிந்தது என்பதை நான் எழுத வேண்டியதில்லை. மறுநாள் வேலைக்குப் போனேன். வீட்டில் இருந்திருந்தால் பைத்தியம் பிடித்திருக்கும். அன்று என் மேசையில் 1878 காத்திருந்தது.

பெட்டியின் முதல் நூல்கட்டிலேயே எல்லாம் இருந்தது. பேரரசுகள் எல்லாம் கூடி மேசையில் உட்கார்ந்து பங்கு பிரித்தபோது, போரில் வென்ற ரஷ்யா பல்கேரியாவுக்கென்று விட்ட நிலத்தில் பெரும்பகுதியைச் சுல்தானிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று வாதாடியது இங்கிலாந்து. அதற்கு முன்பே சுல்தானோடு ஓர் இரகசிய ஒப்பந்தம் செய்திருந்தது. உன்னை ரஷ்யனிடமிருந்து காப்பேன், நீ எனக்குச் சைப்ரஸ் தீவைக் கொடு என்பதுதான் பேரம். துண்டுநூல்கள் சைப்ரஸின் துறைமுகத்தைப் பற்றியும் அதன் காற்றோட்டத்தைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதின. எரிந்த கிராமங்களைத் தேடினேன். கிட்டத்தட்ட ஒருவரும் அவற்றை நினைக்கவில்லை. கூட்டமும் தீர்மானமும் மனுவும் பிரசங்கமும் நடந்தது உண்மை. அவற்றுக்கு நடுவே அரசு தன் பாட்டில் தன் காரியத்தைப் பார்த்ததும் உண்மை.

அந்தக் கட்டை அப்படியே தூக்கிக்கொண்டு மேலாளரின் அறைக்குப் போனேன்.

“இது உங்களுக்குத் தெரியுமா?” என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

மூக்குக்கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். “சைப்ரஸா? தெரியுமே. நாங்கள் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான்.”

“1876இல் மக்கள் அரசைத் திருப்பிவிட்டார்கள் என்று இரண்டு மாதமாக உங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேனே?”

“ஆமாம். மிகவும் சுவாரசியமாகச் சொன்னீர்கள்.”

“அப்படியில்லை என்று ஏன் சொல்லவில்லை?”

அவர் உண்மையாகவே திகைத்துப்போனார். “உங்களுக்கு அது ஆறுதலாக இருந்ததாகத் தெரிந்தது. அதைக் கெடுப்பது மரியாதையில்லை என்று நினைத்தேன்.”

அந்த மரியாதைக்கு நெருப்பு வைக்க வேண்டும் போலிருந்தது எனக்கு. ஒரு சொல் போதுமே, ‘அடுத்த பெட்டியையும் பார்’ என்று ஒரு சொல். ஆனால் அவருக்கும் நியாயம் உண்டு. தம்பியைப் பற்றி நான் அவரிடம் மூச்சு விட்டதில்லை. வேலையிடத்தில் வீட்டுக்கதை பேசுவதில்லை என்பது என் கொள்கை. பழைய காகிதத்தில் ஆசை வைத்த ஒரு வெளிநாட்டுக்காரி என்றுதான் என்னைப் பற்றி அவர் நினைத்திருப்பார். நான் அழத் தொடங்கியதும் டிஷ்யூப் பெட்டியை என் பக்கம் நகர்த்தினார். எதற்கு அழுகிறேன் என்று கேட்கவில்லை. அதுவும் மரியாதைதான்.

அந்தக் கோபம் இன்றும் ஆறவில்லை. இன்னாரிடம் போய்க் கேட்கலாம் என்றிருந்தால் ஆறியிருக்கும். எம்.பி. பொய் எழுதவில்லை, கவலை என்றார், கவலைப்பட்டிருப்பார். மேலாளர் பொய் சொல்லவில்லை. துண்டுநூல்காரர்களும் பொய் எழுதவில்லை, அழுதது உண்மை. எல்லோரும் உண்மை பேசி என்னை ஏமாற்றிவிட்டார்கள். பொய்யான விஷயத்தைச் சொன்னது நான் ஒருத்திதான். அதையும் தம்பியிடம் சொன்னேன்.

ஜூலையில் ஒரு காலைநேரம். நான் வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தேன். தெரியாத இலக்கம்.

“அக்கா, நான்தான்.”

வவுனியா முகாமில் இருந்தான். யாருடையதோ ஒரு கைத்தொலைபேசி. நான் கத்தியதில் கணவர் குளியலறையிலிருந்து ஓடி வந்தார். எல்லாரும் சுகமோ, பிள்ளையள் எப்படி என்று மூச்சுவிடாமல் கேட்டேன்.

“சின்னவன் சுகம். மூத்தவள் இல்லை அக்கா.”

அவன் அழவில்லை. அழுது முடித்த குரல்.

“எப்ப?”

“நான் உங்களோட கதைச்சு அஞ்சாம் நாள். தண்ணி எடுக்கப் போன இடத்தில ஷெல் விழுந்தது.”

ஒரு கிழமை பொறு என்றேன். ஐந்தாம் நாள் அந்த ஏழு நாளுக்குள் வருகிறது. கதவடியில், செருப்புகளுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டேன். எதையாவது கேட்க வேண்டும் என்பதற்காக, பக்கத்து பங்கர்ச் சனம் என்ன ஆனது என்று கேட்டேன்.

“அவையள் எல்லாரும் இங்கதான் நிக்கினம். எங்களுக்கு மூண்டு கூடாரம் தள்ளி.”

அதைச் சாதாரணமாகத்தான் சொன்னான். என்மேல் குற்றம் சாட்டுவதற்கு அவனுக்கு வரவில்லை. அவனே தொடர்ந்தான்.

“அக்கா, ஒண்டு கேக்கட்டோ?”

“கேள்.”

“அப்ப உண்மையாவே நிப்பாட்டுறது எண்டுதான் இருந்தவங்களோ?”

கணவர் எதிரே நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என் வாயிலிருந்து என்ன வரப்போகிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தலையைத் திருப்பிக்கொண்டார்.

“ஓம் தம்பி. நிப்பாட்டத்தான் இருந்தவங்கள். கொஞ்சம் பிந்திப்போச்சு.”

மறுமுனையில் பாரம் இறக்கி வைத்தவன்போல அவன் மூச்சு விட்டது கேட்டது.

“அதைத்தான் நானும் இவளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறன். இவள் நம்புறாள் இல்லை. கொஞ்சம் இருங்கோ அக்கா, குடுக்கிறன். நீங்களே சொல்லுங்கோ, நீங்கள் சொன்னா நம்புவாள்.”

தொலைபேசி தம்பியின் மனைவிக்குக் கைமாறியது. அவள் காதில் வைத்திருக்கிறாள் என்பது மட்டும் தெரிந்தது. அவளுக்கும் அதையே சொன்னேன்.